ஐந்து ஷோரூம், ஒரே நல்ல நேரம்

என்னுடைய முதல் காரை எடுத்த அன்று பிடித்த புகைப்படத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். நீலப் புடவை, படிய வாரிய தலை, கழுத்தில் அடையாள அட்டை. என் இடுப்பு உயரத்துக்கு அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் "உங்க அக்காவா?" என்றுதான் கேட்டார்கள். அக்கா இல்லை. பூந்தமல்லியில் நான் கார் வாங்கிய ஷோரூமில் வண்டிகளை டெலிவரி கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர். அன்று நான் தனியாகப் போயிருந்தேன். அப்பா இல்லை. வருகிறேன் என்று சொன்ன அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பவே இல்லை. என் கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லோரும் அலுத்துப்போய் எப்போதோ விட்டிருந்தார்கள். மற்ற வண்டிகளைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு பெரிய பெரிய கூட்டம் நின்றது. என் வண்டிக்கு முன்னால் நான் மட்டும். போட்டோ எடுப்பவர், "ஃபேமிலி வந்துரட்டும் மேடம்" என்று கேமராவைக் கீழே இறக்கினார். அந்தப் பெண் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து, "நானும் நிக்கட்டுமா மேடம்? இந்தக் கலர் வண்டி இன்னிக்குத்தான் மொத மொதல்ல குடுக்குறேன், எனக்கும் ஒரு போட்டோ வேணும்" என்று சாவியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அதே கலரில் மாலை போட்ட இன்னும் இரண்டு வண்டிகள் வாசலில் நின்றதை நான் வெளியே வரும்போதுதான் பார்த்தேன்.

அங்கே எல்லோருக்கும் அவர் டெலிவரி அக்கா. வயதில் என்னைவிட ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருப்பார், ஆனாலும் நானும் அப்படியேதான் கூப்பிட்டேன். ஒரகடத்தை ஒட்டி மனை பிரித்து உருவான ஒரு புது நகரில் வீடு. கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்குக் கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஒரே மகள் ஐந்தாம் வகுப்பு. காலையில் இரண்டு பேருந்து மாறிப் பூந்தமல்லிக்கு வந்து, மாலையில் அதே இரண்டு பேருந்தில் திரும்புவார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற அவருக்கு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ராகு காலம், எத்தனை மணிக்கு எமகண்டம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்தை எந்த இடத்தில் வைத்தால் நழுவாமல் நசுங்கும் என்று தெரியும். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு சின்ன பாட்டிலில் மேஜை இழுப்பறையில் இருக்கும், கேட்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதைத் தெளித்துக் கொடுப்பார். முஸ்லிம் குடும்பம் வந்தால் அவர்கள் துஆ ஓதி முடிக்கும்வரை பக்கத்தில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சாமி யாரா இருந்தா இன்னா மேடம், புது வண்டி எடுக்குறவங்களுக்கு வயித்துல ஒரு பயம் இருக்கும். அத்தப் போக்கி அனுப்புறதுதான் நம்ம வேல" என்றார்.

நான் அப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் லீசிங் மேனேஜர். கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டி முடிப்பதற்குள் வாடகைக்குப் பேசி முடிப்பது என் வேலை. அந்த வேலையில் எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் பெண்கள் யாரும் இருந்ததில்லை, அந்தக் கர்வமும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒரகடம் சாலையில் எங்கள் முதலாளிக்குப் பெரிய இடம் ஒன்று இருந்தது. எதிரே, பின்னால், பக்கத்தில் எங்கே பார்த்தாலும் கார் செய்கிற தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலைகளும்தான். ஆனால் அங்கே நாளெல்லாம் கதவு பொருத்துகிறவர் தனக்கென்று ஒரு கார் வாங்க வேண்டுமென்றால் பூந்தமல்லிக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டும். ஐந்து கம்பெனிக் கார்களையும் ஒரே வளாகத்தில் விற்றால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது. முன்னால் வரிசையாக ஐந்து ஷோரூம், பின்னால் எல்லோருக்கும் பொதுவான சர்வீஸ் கூடம், வண்டி நிறுத்தும் யார்டு, ஓட்டிப் பார்க்க ஒரு பாதை, குழந்தைகளுக்கு விளையாட்டு இடம், பெரியவர்களுக்கு ஓட்டல். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து கம்பெனிகளையும் சம்மதிக்க வைப்பதற்குள்தான் எனக்கு உயிர் போய்விட்டது. முகப்புக் கண்ணாடி எத்தனை அடி, பெயர்ப் பலகை எத்தனை உயரம் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. சாலையிலிருந்து பார்த்தால் எங்கள் கடைதான் முதலில் தெரிய வேண்டும் என்று ஐந்து பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். கல்யாணத்தில் முதல் பந்தி கேட்கிற சம்பந்திகளைச் சமாளிப்பது இதைவிடச் சுலபம்.

அந்த வளாகத்தில் என்னுடைய சொந்த யோசனை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது பொது டெலிவரி கூடம். வழக்கமாக ஒவ்வொரு ஷோரூமும் புது வண்டியைக் கொடுப்பதற்கென்று கொஞ்சம் இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கும். எங்கள் தொழிலில் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தாலே கை அரிக்கும். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கூடம், கண்ணாடிக் கூரை, பளிங்குத் தரை, மாடியிலிருந்து வேடிக்கை பார்க்கக் கண்ணாடித் தடுப்பு என்று வரைய வைத்தேன். மூன்று லேன், லேனுக்கு ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வண்டி. பின்வாசல் வழியாக உள்ளே வந்து முன்வாசல் வழியாக வெளியே போகலாம். மாதத்துக்கு ஐந்து கடையிலும் சேர்த்து எத்தனை வண்டி விற்கும் என்று போட்டு, அதை நாட்களால் வகுத்து, நாளை மணிகளால் வகுத்து, மூன்று லேன் தாராளமாகப் போதும் என்று நிரூபித்துக் காட்டினேன். முதலாளி அன்று எல்லோர் முன்னாலும் கை தட்டினார். ஒரு கைக்கடிகாரம் வாங்கப் போனால்கூட ராகு காலம் கழியட்டும் என்று கடை வாசலில் நிற்கிறவள் நான். அந்தப் புத்தி, நாளை மணிகளால் வகுக்கும்போது எங்கே போயிருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கூடத்தை நடத்த ஆள் தேவைப்பட்டபோது எனக்கு டெலிவரி அக்காவின் ஞாபகம் வந்தது. நானே பூந்தமல்லிக்குப் போய்க் கேட்டேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கடையில் வருடக்கணக்காக இருந்தவர், அங்கே அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. நான்தான் விடவில்லை. "உங்க வீட்டுல இருந்து ஷேர் ஆட்டோவுல பத்து நிமிஷம்கா. பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள நீங்க வீட்டுல இருக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. மகள் பேச்சை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த மாதம் வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தரைக்குப் பளிங்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை ஒரு லேனில் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "மேடம், நல்ல நேரம் ஊருக்கே ஒன்னுதான் மேடம். அஞ்சு கடைக்கும் தனித்தனியா வராது" என்றார். நான் சிரித்தேன். நேரம் ஒதுக்கிக் கொடுப்போம், அதற்கென்று ஒரு மென்பொருள் வருகிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்துக்குக் கையால் எழுதிய ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தார். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதெல்லாம் சேர்ந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து விழும் என்று எழுதியிருந்தார். அன்று எல்லோரும் ஒரே ஒரு மணி நேரத்தைத்தான் கேட்பார்கள். முன்னால் நிற்கிற வண்டிக்காரர் வீட்டுப் பெரியவர் வரத் தாமதமானால் பின்னால் நிற்கிற வண்டியும் சேர்ந்து நிற்கும். புது வண்டியை முதன்முதலாக ரிவர்ஸ் எடுக்க எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. அதனால் விசேஷ நாட்களிலாவது அந்தந்த ஷோரூமின் முன்வாசலிலேயே வண்டியைக் கொடுக்க விட வேண்டும், வடக்குப் பக்கச் சுவரில் இன்னொரு கேட் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். எழுத்து குண்டு குண்டாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. படித்தபோதே அவர் சொல்வது சரி என்று மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்தது. ஆனால் ஷோரூம் முன்வாசல்களில் நீரூற்றும் புல்தரையும் வைத்தாகிவிட்டது, வடக்குச் சுவரை ஒட்டி ஓட்டலுக்கு இடம் பேசியாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி கை தட்டிய யோசனையில் ஓட்டை இருக்கிறது என்று நானே போய் எப்படிச் சொல்வது? கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டு, "பாத்துக்கலாம்கா" என்றேன். அவர் அதன்பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனி மாதம் வளாகத்தைத் திறந்தோம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் முதலாளி கூடத்துக்கு வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா குத்துவிளக்கு ஏத்தலாம்?" என்று அக்காவிடம்தான் கேட்டார். அவர் நேரம் சொன்னார், அந்த நேரத்தில்தான் ஏற்றினோம். முதல் மாதம் எல்லாம் என் கணக்குப்படியே நடந்தது. ஆடியில் கூடம் காலியாகக் கிடந்தது. அக்கா ஒரு டெலிவரியும் இல்லாத நாட்களிலும் காலையில் வந்து ரிப்பன்களைச் சுருட்டி அடுக்கி, அட்டைச் சாவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, மூன்றரை மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். "பாப்பா வர்றப்ப கதவு தொறந்து கீது மேடம், அதுவே எனக்குப் போதும்" என்று ஒருநாள் சொன்னார்.

ஆவணியின் முதல் முகூர்த்தம் வெள்ளிக்கிழமையில் வந்தது. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். அந்த வாரம் ஐந்து ஷோரூமும் கொடுத்த பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒன்பதரை மணி என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா மூன்று நாள் தொலைபேசியில் உட்கார்ந்தார். தன் சர்ச் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள், ஒரு முஸ்லிம் டாக்டர் தம்பதி, ஒரு வங்காளி இன்ஜினியர் என்று யார் யாரிடமோ கெஞ்சிப் பன்னிரண்டு மணிக்கு மேல் மாற்றினார். மீதிப் பேர் நகரவில்லை. வியாழக்கிழமை மதியம் என் அறைக்கு வந்தார். "மேடம், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவங்கவங்க வாசல்லயே குடுத்துரலாம் மேடம். கூடத்துக்கு உள்ள வேணாம். நான் எல்லா கடையையும் சுத்திப் பாத்துக்குறேன்" என்றார். அவர் அப்படிக் கெஞ்சுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் முடியாது என்றேன். காரணம் இதுதான்: மறுநாள் காலை கார் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். நிறைந்த கூடத்தை மாடியிலிருந்து அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் அந்தத் தேதியைக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மூன்று லேனிலும் ஆறு வண்டிகள் நின்றன. சுற்றிலும் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஜனங்கள். முதல் நான்கு குடும்பத்தை அக்கா அழகாக அனுப்பினார், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரிகளோடு நின்ற நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடு லேனில் முன்னால் நின்ற வண்டி நகரவில்லை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்று பிறகு தெரிந்தது. சாவியை வாங்க வேண்டிய பெரியப்பா பாதி வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டியை வாசலுக்கு வெளியே கொஞ்சம் உருட்டி நிறுத்தி அங்கே காத்திருக்கலாமே என்று அக்கா கேட்டார். "வாசல் தாண்டிட்டா கெளம்புன மாதிரி ஆயிடும்மா. பெரியப்பா இல்லாம எப்படிக் கெளம்புறது?" என்று அந்த வீட்டுப் பெண் அழாக்குறையாகச் சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். அவரிடம் போய், பின்பக்கமாக எடுத்துப் பக்கத்து லேனுக்கு வரலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கத்தியது மாடிவரை கேட்டது. "இன்னாம்மா, வெளாட்றியா? புது வண்டி மொத மொதல்ல பின்னாலயா போவும்? ஒன்ன யாரு இங்க வெச்சது?"

பத்து மணிக்குள் பக்கத்து லேனிலும் இதே கதை. பின்வாசலுக்கு வெளியே அலங்கரித்த வண்டிகள் சாலைவரை நின்றுவிட, அவற்றுக்குப் பின்னால் ஷிஃப்ட் பேருந்துகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அக்கா இந்தக் குடும்பத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே ஓடி ஓடிக் கை கூப்பிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் ஆத்திரத்தில் எலுமிச்சம்பழத் தட்டைத் தட்டிவிட்டார், பழங்கள் பளிங்குத் தரையில் நாலாபக்கமும் உருண்டன. அக்கா குனிந்து அவற்றைப் பொறுக்கினார். குனிந்தபடியே ஒருமுறை அண்ணாந்து மாடியைப் பார்த்தார். நான் கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். இது என் திட்டம், இந்தம்மா மேல் கோபப்படாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அதிகாரிகள் பக்கம் திரும்பி, "இன்னைக்குக் கொஞ்சம் கூட்டம் அதிகம்" என்றேன். பத்தரை ஆனது. கூடத்தில் இருந்த எல்லோரும் கைக்கடிகாரத்தையும் கைபேசியையும் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் கத்தவில்லை, அதுதான் கொடுமையாக இருந்தது. சில குடும்பங்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்து பிடிக்கப் போயின. வாலாஜாபாத் பெரியப்பா பதினொரு மணிக்கு வேட்டி கசங்க வந்து சேர்ந்து, கூடத்தின் நடுவே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

மறுநாள் முதலாளி கூட்டம் போட்டார். ஐந்து டீலர்களும் வந்திருந்தார்கள். டெலிவரிக்கு யார் பொறுப்பு என்று முதலாளி கேட்டதும் ஒரு டீலர், "ஒரு கிறிஸ்டியன் அம்மா சார். அவங்களுக்கு ராகு காலம், எமகண்டம்லாம் இன்னா தெரியும்? ஆள தப்பா வெச்சிட்டோம்" என்றார். அறையில் தலைகள் ஆடின. அக்கா சொன்ன நேரத்தில் குத்துவிளக்கு ஏற்றிய முதலாளியின் தலையும் ஆடியது. "நீங்கதானே கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். அக்காவின் கடிதம் அதே மாடியில், முப்பது அடி தள்ளி, என் இழுப்பறையில் இருந்தது. நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "ஆமா சார். அனுபவம் இருக்குன்னு நம்பிட்டேன். இந்த விஷயத்தை நான் யோசிக்கலை." அவ்வளவுதான். கூடத்தின் வடிவத்தைப் பற்றியோ லேன்களைப் பற்றியோ யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அப்போது வரவில்லை என்பதுதான் இன்று எனக்குப் பெரிய வெட்கம்.

அன்று மதியமே ஹெச்.ஆர். சார் அவரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார். மூன்று மணி வாக்கில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீலப் புடவை தெரிந்தது. நான் சட்டென்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்தக் கைபேசியில் "ஆமா, ஆமா, அனுப்பிடறேன்" என்று பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் நின்றார். நான் முடிப்பதாகத் தெரியவில்லை. கையை உயர்த்தி, போய்வருகிறேன் என்பதுபோல் ஆட்டிவிட்டுப் போனார். நானும் கை ஆட்டினேன்.

ஐப்பசிக்குள் வடக்குச் சுவரில் இன்னொரு கேட் வந்தது. ஷோரூம்களின் முன்வாசலில் நீரூற்றை எடுத்துவிட்டு வண்டி கொடுக்க இடம் செய்தோம். கூடத்தை ஒரு மரச்சாமான் கடைக்கு விட்டோம். திருத்திய திட்டம் என்று நான் முதலாளியிடம் கொடுத்த தாள்களில் அக்காவின் இரண்டு பக்கங்களைத் தவிர வேறொன்றும் இல்லை, என் பெயரைத் தவிர. எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஏழு வருடம் கழித்துத் தண்டலத்தில் இரண்டாவது வளாகம் கட்டினோம். ஒவ்வொரு ஷோரூமுக்கும் தனி டெலிவரி இடம், எல்லாம் கிழக்குப் பார்த்த வாசல், எந்த வண்டிக்கும் முன்னால் இன்னொரு வண்டி நிற்காது. "நம்ம மேடத்துக்கு ஜனங்களோட மனசு தெரியும்" என்று முதலாளி ஒரு கூட்டத்தில் சொன்னார். அன்று எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. டெலிவரிக்கு ஆட்களைப் பழக்க நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று அதே கூட்டத்தில் அவர் கேட்டார். தெரியும் என்றேன்.

விசாரித்ததில் அவர் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பைக் ஷோரூமில் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் காரில் சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "அக்கா, அன்னைக்கு உங்க பேரைக் கெடுத்தது நான்தான்." மூன்று நான்கு முறை சொன்ன பிறகு குரல் நடுங்காமல் வந்தது. அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. "வாங்க மேடம், வூட்டக் கண்டுபுடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று அதே விறுவிறுப்போடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கோழிக்குழம்பு வாசனை வந்தது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்று இலை போட்டுவிட்டார்.

பரிமாறிக்கொண்டே நடுவில் போன வருடங்களைச் சொன்னார். பூந்தமல்லிக் கடையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தது. மற்ற ஷோரூம்களில் அந்த வெள்ளிக்கிழமைக் கதை இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல நேரம் தெரியாத அம்மா என்று ஒரு பெயரும் சேர்ந்திருந்தது. மூன்று வருடம் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றிருக்கிறார். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். அவர் வீட்டுக்காரர் ஷிஃப்டும் இவர் ஷிஃப்டும் பல வாரம் ஒரே நேரத்தில் வந்துவிடும். "பாப்பா ஸ்கூல் விட்டு வந்து உள்ள தாப்பா போட்டுகினு தனியாத்தான் இருக்கும் மேடம். ஏழாவது படிக்கும்போதே சோறாக்கக் கத்துகிச்சு" என்று சிரித்தார். அவர் மனதில் அது மகளைப் பற்றிய பெருமை. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று, "அக்கா, அன்னைக்கு மீட்டிங்குல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மேடம்" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஹெச்.ஆர். சார் அன்னிக்கே சொன்னாரு. எல்லாரும் ஒன்னத்தான் தப்பு சொன்னாங்கம்மா, மேடம் ஒருத்தங்கதான் ஒனக்காகச் சண்ட போட்டாங்க, மொதலாளி கேக்கலன்னாரு. ஒரு வார்த்த நன்றி சொல்லலாம்னு ஒங்க ரூமாண்ட வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. அத்த சொல்லாம வந்துட்டமேன்னு இத்தினி வருஷமா ஒரு கொற மேடம்." பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண், அம்மாவைவிட உயரம். "நான் சொல்வேன்ல, அந்த மேடம் இவங்கதான்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கை கூப்பியது. "இல்லைம்மா, நான் யாருக்காகவும் பேசலை" என்றேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தில் மிச்சமாக எனக்கு வந்தது அவ்வளவுதான். "பெரிய மனுசங்க இப்படித்தான்டி சொல்வாங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டு அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்களுக்காக உடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எனக்காகத்தான் உடைக்கவில்லை.

வேலை விஷயத்தைச் சொன்னதும் அவர் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார். "அந்த ஆளுங்க மூஞ்சில மறுபடி முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் மேடம். நீங்க இருக்கீங்கன்னா வர்றேன்" என்றார்.

தண்டலத்தில் அவர் சேர்ந்து ஆறு மாதமாகிறது. ஐந்து ஷோரூம் ஆட்களையும் அவர்தான் பழக்குகிறார், போன முகூர்த்தத்தில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. தினமும் காலையில் முதலில் என் அறைக்கு வந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நான் போனில் இல்லை என்று தெரிந்த பிறகு, "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே போகிறார். நானும் "குட் மார்னிங்கா" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வரவில்லை.